மகசூல் பொய்த்த ஆண்டில் ஸ்தோத்திர காணிக்கை: மனம் ஒப்பாமல் சொல்லும் நன்றி ஜெபமாகுமா?

கேள்வி
வாய்க்கால்கரை (கோபிசெட்டிபாளையம்)

அனைவருக்கும் கிறிஸ்து இயேசுவின் நாமத்தில் வாழ்த்துகள். கீழ்பவானி வாய்க்காலின் பாசனத்தில் மஞ்சளும் கரும்பும் வைக்கும் விவசாயி நான். மூன்று தலைமுறையாகத் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த குடும்பம் எங்களுடையது. இந்த ஆண்டு மஞ்சளில் கிழங்கு அழுகல் நோய் விழுந்துவிட்டது. இலைகள் ஓரத்திலிருந்து காய்ந்து வந்தபோது தண்ணீர் போதவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு ஒரு தண்டைப் பிடித்து இழுத்தபோது அது எந்தப் பிடிமானமும் இல்லாமல் கையோடு வந்துவிட்டது, அடியில் கிழங்கு கொழகொழவென்று நீர் கசிந்து நாறியது. தப்பிய பாத்திகளில் வெட்டி எடுத்த விரலியை வேக வைத்துக் காய வைத்து ஈரோட்டுச் சந்தைக்கு அனுப்பிப் பார்த்ததில், உழவுக் கூலிக்கும் வெட்டுக் கூலிக்கும் மேல் அதிகமாக எதுவும் நிற்கவில்லை. விதை மஞ்சள் வாங்குவதற்காக அடகு வைத்த நகை இன்னும் கூட்டுறவுச் சங்கத்தில்தான் இருக்கிறது.

வருகிற வாரங்களில் எங்கள் சேகரத்தில் (ஒரே ஆயரின் பொறுப்பில் உள்ள திருச்சபை வட்டத்தில்) அறுப்பின் பண்டிகை. ஒவ்வொரு ஆண்டும் தழையோடு கூடிய மஞ்சள் கொத்து ஒன்றையும் ஸ்தோத்திர காணிக்கைக் கவர் ஒன்றையும் பீடத்தருகே வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். இந்த ஆண்டும் அதைத் தவறாமல் செய்ய வேண்டும் என்று அப்பா உறுதியாக நிற்கிறார். அதோடு நில்லாமல், குடும்ப ஜெபத்தில், "மஞ்சள் அழுகினதுக்காகவும் ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று வாய்விட்டுச் சொல்லி, எங்களையும் ஆமென் சொல்ல வைக்கிறார். கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்று, பிள்ளைகளையும் உடைமைகளையும் இழந்த யோபு சொன்ன வார்த்தையே அவருக்கு எல்லாவற்றிற்கும் விடை. எனக்கோ அந்த ஆமென் தொண்டையிலேயே நின்றுவிடுகிறது.

என் ஐயங்கள் இரண்டு. மனம் ஒப்பாதபோது உதட்டால் சொல்லும் நன்றி, தேவனுக்கு முன்பாகச் சொல்லும் பொய் ஆகாதா? அடுத்து, எங்கள் ஆலயத்தில் காணிக்கையை அறிவிக்கும்போது பெயரையும் காரணத்தையும் தொகையையும் சேர்த்தே வாசிப்பார்கள்: மகனுக்கு வேலை கிடைத்ததற்காக, வீடு கட்டி முடித்ததற்காக, அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்ததற்காக என்று. காரணம் இருப்பவர்களுக்கு மட்டுமே நன்றி சொல்ல இடம் உண்டு என்பது போலவும், பெற்றுக்கொண்டதற்கு ரசீது போட்டுக் கொடுப்பது போலவும் அது எனக்குப் படுகிறது. வேத அறிவு உள்ளவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன். "விசுவாசம் குறைவு" என்ற ஒற்றை வரிப் பதில் வீட்டிலேயே கிடைத்துவிட்டது.


பதில் 1
பழைய ஆயர் (ஈரோடு)

அன்புள்ள தம்பிக்கு, தங்கள் அப்பாவின் பக்தியைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் யோபுவை அவர் முதல் அதிகாரத்தோடு நிறுத்திவிடுகிறார். அந்த வார்த்தையைச் சொன்ன அதே யோபு மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபிக்கிறார்; அதன்பின் அதிகாரம் அதிகாரமாகத் தேவனோடு வழக்காடுகிறார். நூலின் முடிவில் கர்த்தர் கடிந்துகொள்வது, எல்லாவற்றிற்கும் பக்தியான விளக்கம் வைத்திருந்த நண்பர்களைத்தான். தம்மைக்குறித்து நிதானமாய்ப் பேசினவன் என்று அவர் சாட்சி கொடுப்பதோ யோபுவுக்கு.

தாங்கள் கேட்ட முதல் கேள்விக்கு வேதாகமம் வெகு தெளிவாகவே பதில் தருகிறது என்பது என் எண்ணம். சங்கீதங்களில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு புலம்பல்களே. அவற்றில் பெரும்பாலானவை முறையீட்டில் தொடங்கி ஏதோ ஓரிடத்தில் துதிக்குத் திரும்புகின்றன என்பது உண்மை. ஆயினும் 88-ஆம் சங்கீதம் அப்படித் திரும்புவதில்லை, இருளில் தொடங்கி இருளிலேயே முடிந்துவிடுகிறது. அதன் கடைசியில் ஒரு ஸ்தோத்திர வரியைச் சேர்த்துச் சரிசெய்ய வேண்டும் என்று தொகுத்தவர்களுக்கும் தோன்றவில்லை, பிற்காலத்தில் அதைத் தேவாலயத்தில் வாசித்தவர்களுக்கும் தோன்றவில்லை. 136-ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று முடிவதை நாம் முறைவைத்து வாசிக்கிறோமே, அதே புத்தகத்தில்தான் இதுவும் இருக்கிறது.

விவசாயிக்கென்றே எழுதினது போன்ற பகுதி ஆபகூக் மூன்றாம் அதிகாரத்தின் முடிவு. அத்திமரம் துளிர்விடவில்லை, திராட்சச்செடியில் பழம் இல்லை, ஒலிவமரத்தின் பலன் அற்றுப்போயிற்று, வயல் விளையவில்லை, கிடையில் ஆடு இல்லை, தொழுவத்தில் மாடு இல்லை என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்ன பிறகுதான், நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்கிறார். அவர் எந்த நட்டத்தையும் மறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். அந்த நட்டங்களுக்காக அவர் நன்றி சொல்லவும் இல்லை. அவர் களிகூருவது இரட்சிப்பின் தேவனுக்குள். அழுகிய கிழங்கை நன்மை என்று அழைக்கும்படி எந்தத் தீர்க்கதரிசியும் தங்களைக் கேட்கவில்லை.

"எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்" என்று தெசலோனிக்கேயருக்கு எழுதப்பட்டதே என்று அப்பா கேட்கக்கூடும். அந்தச் சபை உபத்திரவத்தில் இருந்தது. தங்களில் மரித்தவர்களை நினைத்துத் துக்கத்திலும் இருந்தது. அதே நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில் பவுல் அவர்களைத் துக்கிக்கவே கூடாது என்று சொல்லவில்லை. நம்பிக்கையற்றவர்களைப் போலத் துக்கிக்க வேண்டாம் என்றுதான் சொல்கிறார். பவுலுடைய நன்றியின் பொருளையும் பாருங்கள். ரோமர், முதலாம் கொரிந்தியர், பிலிப்பியர், கொலோசெயர், தெசலோனிக்கேயர் என இவற்றில் எந்த நிருபத்தைத் திறந்தாலும் அவர் முதலில் தேவனை ஸ்தோத்திரிப்பது மனிதர்களுக்காகவே. கலாத்தியருக்கு எழுதும்போதோ அந்த நன்றிப் பகுதியே இல்லை; வாழ்த்து முடிந்த கையோடு, இவ்வளவு சீக்கிரமாய் நீங்கள் திரும்பிவிட்டதைப்பற்றி ஆச்சரியப்படுகிறேன் என்று நேராகக் கண்டிக்கத் தொடங்கிவிடுகிறார். மனதில் இல்லாத நன்றியை மரியாதைக்காக எழுதிவைக்க அப்போஸ்தலனே முன்வராதபோது, தாங்கள் ஏன் அந்த ஆமெனுக்காக உங்களையே குற்றப்படுத்திக்கொள்ள வேண்டும்?


பதில் 2
மறைக்கல்வி ஆசிரியை (கருமத்தம்பட்டி)

நான் கத்தோலிக்கத் திருச்சபையைச் சேர்ந்தவள். 2019-இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட எங்கள் செபமாலை அன்னை ஆலயத்திற்குச் சுற்றுவட்டாரத்திலிருந்து வருகிறவர்களில் நன்றி செலுத்த வருகிறவர்களும் உண்டு, வேண்டுதல் வைக்க வருகிறவர்களும் உண்டு. அண்ணா சொல்லும் ரசீது மனப்பான்மை எங்களிடமும் இல்லாமல் இல்லை. "இதை நடத்திக் கொடு, அதைச் செய்கிறேன்" என்று மாதாவிடமே பேரம் பேசுகிறவர்களை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஆயர் ஐயா எழுதியதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடே. ஆனால் மனம் ஒப்பினால் மட்டுமே நன்றி சொல்லலாம் என்ற முடிவுக்கு அது கொண்டுபோய் விடுமோ என்று தயங்குகிறேன். திருப்பலியில் நற்கருணை மன்றாட்டு தொடங்குமுன் குருவானவர், "நம் இறைவனாகிய ஆண்டவருக்கு நன்றி கூறுவோம்" என்று அழைக்க, மக்கள் "அது தகுதியும் நீதியும் ஆனதே" என்று மறுமொழி சொல்கிறோம். அந்த நேரத்தில் யாருக்கு மனநிலை எப்படி இருக்கிறது என்று எவரும் கேட்பதில்லை. அடக்கத் திருப்பலியிலும் இதே உரையாடல்தான். என் தாயாரின் அடக்கத்தன்று பெட்டிக்கு அருகில் நின்றுகொண்டிருந்தபோது குருவானவர் இதைச் சொன்னார். என்னால் வாய் திறக்க முடியவில்லை. பின்வரிசையில் இருந்தவர்கள், பெரும்பாலும் அம்மாவோடு அன்பியக் கூட்டத்திற்கு (அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் செபக் கூட்டத்திற்கு) போய்வந்தவர்கள், உரத்த குரலில் மறுமொழி சொன்னார்கள். என் பங்கையும் அவர்கள் சொல்லிவிட்டார்கள் என்றே அன்று எடுத்துக்கொண்டேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

எங்கள் நம்பிக்கையின்படி அந்த நன்றி முதலில் நம்முடையதே அல்ல. காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் அப்பத்தை எடுத்து நன்றி செலுத்திய கிறிஸ்துவின் நன்றியில்தான் நாம் சேர்ந்துகொள்கிறோம். நற்கருணை மன்றாட்டின் தொடக்கத்தில் குருவானவர் சொல்லும் பொதுத் தொடக்கவுரைகளில் நான்காவது இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது: எங்கள் புகழ்ச்சி உமக்குத் தேவையில்லை, அது உமது மாட்சிக்கு எதையும் கூட்டுவதுமில்லை, நாங்கள் நன்றி செலுத்துவதே நீர் தந்த கொடைதான் என்ற பொருளில் அது அமைந்திருக்கிறது. அப்படியானால் கடன் திருப்பிக் கொடுப்பது, ரசீது போடுவது என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகிறது அல்லவா? ஆகவே மஞ்சள் அழுகியதற்கு நன்றி என்று அண்ணா சொல்ல வேண்டாம். ஆனால் பண்டிகையன்று ஆலயத்தில் போய் நிற்பதைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். வாய் திறக்கவில்லை என்றாலும் பரவாயில்லை.


பதில் 3
பனியன் நகரத்தான் (திருப்பூர்)

பெந்தெகொஸ்தே சபையிலிருந்து எழுதுகிறேன். "ஆயிரம் ஸ்தோத்திரம்" என்று அச்சிட்ட சிறு புத்தகத்தை வைத்துக்கொண்டு வரிசையாகச் சொல்லும் வழக்கத்தைப் படித்தவர்கள் சிலர் கேலி செய்கிறார்கள் என்பதை அறிவேன். இரவு ஷிப்டில் ஓவர்லாக் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவனுக்குச் சொந்தமாக வார்த்தைகளைத் தேடி ஜெபிக்கும் தெம்பு இருக்காது. யாரோ எழுதி வைத்த வரிகளைப் பிடித்துக்கொண்டுதான் அவன் தேவனண்டை போகிறான். 2020-இல் ஊரடங்கு போட்டு, கம்பெனிகள் அடைக்கப்பட்டு, வாரச் சம்பளம் நின்றபோது அந்த வரிகளை நான் உணர்ச்சியே இல்லாமல் சொன்ன நாள்கள் நிறைய உண்டு. அதைப் பொய் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த இடத்தில் ஆயர் ஐயாவைவிடக் கருமத்தம்பட்டிச் சகோதரியின் பக்கம்தான் நான்.

ஆனால் அழுகலுக்காக ஸ்தோத்திரம் என்பதை எங்கள் போதகரும் சொல்லமாட்டார். இயேசு காற்றை அதட்டினார், காய்ச்சலை அதட்டினார். அவற்றுக்காகப் பிதாவுக்கு நன்றி சொன்னதாக நான் எங்கும் வாசித்ததில்லை.

சாட்சி சொல்லும் வழக்கத்தைப்பற்றி மட்டும் ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் சபைகளில் அது அதிகம். லூக்கா 18-இல் பரிசேயன் ஜெபித்தது விண்ணப்பமே அல்ல, முழுக்க முழுக்க ஸ்தோத்திர ஜெபம். மற்ற மனுஷரைப்போலவும் இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன் என்றான். பேருந்து கவிழ்ந்தது, எல்லாரும் போய்விட்டார்கள், தேவன் என்னை மட்டும் காப்பாற்றினார் என்று ஒருவர் மைக்கைப் பிடித்துச் சொல்லும்போது, அந்த விபத்தில் மகனைப் பறிகொடுத்த தாய் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கக் கூடும். நன்றி சொல்கிறவர் தம்மைச் சுற்றி ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

சுகமான பத்துக் குஷ்டரோகிகளில் ஒருவன் மட்டும் நன்றி சொல்லத் திரும்பி வந்த கதையையும் பேரத்துக்குச் சாதகமாகப் பிரசங்கிக்கிறார்கள்: நன்றி சொல்லாவிட்டால் அடுத்த ஆசீர்வாதம் வராது என்று. மற்ற ஒன்பதுபேர் எங்கே என்று ஆண்டவர் கேட்டது உண்மை. ஆனால் போன ஒன்பது பேருக்குக் குஷ்டம் திரும்ப வந்ததாக லூக்கா எழுதவில்லை. திரும்பி வந்த சமாரியன் எந்தப் பாக்கியையும் தீர்க்க வரவில்லை. எபிரெயர் 13:15-இல் வரும் ஸ்தோத்திரபலியை நாங்கள் மனப்பாடமாகச் சொல்வோம். நன்மைசெய்யவும் தானதர்மம்பண்ணவும் மறவாதிருங்கள் என்று அதை ஒட்டியே வரும் 16-ஆம் வசனத்தை மட்டும் வசதியாக விட்டுவிடுவோம்.


வாய்க்கால்கரை (கேட்டவர்)

மூவருக்கும் நன்றி. பவுல் மனிதர்களுக்காக ஸ்தோத்திரித்தார் என்ற இடத்தில்தான் எனக்கு ஒரு வழி தெரிந்தது. என் பாத்தியில் நோய் கண்டவுடன், அது பக்கத்துத் தோட்டத்துக்கும் நீரோடு பரவிவிடும் என்று தெரிந்தும் அந்தத் தோட்டத்துக்காரர் என்மேல் வருத்தப்படவில்லை. நோய் பட்ட பாத்தியைச் சுற்றி வடிகால் எடுக்க அவரே மண்வெட்டியோடு வந்து நின்றார். தன் முறைத் தண்ணீரையும் தள்ளிப் பாய்ச்சிக்கொண்டார். அவர் கிறிஸ்தவர் அல்லர். அடுத்த பட்டத்துக்கு விதை மஞ்சள் தருகிறேன், காசு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அவருக்காகத் தேவனை ஸ்தோத்திரிப்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. நேற்றுக் குடும்ப ஜெபத்தில் அதை வாய்விட்டே சொன்னேன். அப்பா ஆமென் சொன்னார், பிறகு வழக்கம்போல மஞ்சள் அழுகியதற்கும் ஸ்தோத்திரம் சொன்னார். அதற்கு நான் ஆமென் சொல்லவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை.

மீதி இருப்பது நடைமுறைக் கேள்விதான். கவரில் காரணம் என்று ஒரு கோடு போட்டிருக்கிறார்களே, அதில் என்ன எழுதுவது? மஞ்சள் கொத்தையும் இந்த ஆண்டு எடுத்துப் போகலாமா? நன்றாக இருக்கும் கொத்து ஒன்றைத் தேடி எடுப்பதற்கே மனம் வரவில்லை.


பதில் 4
சேகரப் பொருளாளர் (தாராபுரம் பக்கம்)

பல ஆண்டுகளாகக் காணிக்கைக் கவர்களைப் பிரித்து எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். காரணம் எழுதாத கவர்கள் ஒவ்வொரு பண்டிகையிலும் வருகின்றன. "ஒரு குடும்பத்தாரின் ஸ்தோத்திர காணிக்கை" என்று மட்டும் வாசித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவோம், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் சேகரத்தில் தொகையை வாசிப்பதைக் கமிட்டியில் பேசி நிறுத்திவிட்டோம். காணிக்கை குறைந்துவிடும் என்று அஞ்சியவர்கள் இருந்தார்கள், அப்படிக் குறையவில்லை. உங்கள் சேகரத்திலும் செயலாளரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் பெயரைக்கூட வாசிக்காமல் விடுவார்கள்.

கொத்தைப்பற்றி: உபாகமம் 26-இல் முதற்பலனைக் கூடையில் கொண்டுவருகிறவன் முதலில் அறிக்கை செய்வது விளைச்சலின் பெருமையை அல்ல, தன் முற்பிதாவின் அலைச்சலையும் எகிப்தில் பட்ட சிறுமையையும் சொல்லிவிட்டுத்தான் கூடையை வைக்கிறான். ஆகையால் இருப்பதையே கொண்டு வாருங்கள். யோவான் ஆறாம் அதிகாரத்தில் ஐயாயிரம் பேருக்கு முன்னால் ஆண்டவர் ஸ்தோத்திரஞ்செய்தது ஐந்து வாற்கோதுமை அப்பத்தை வைத்துக்கொண்டுதான், அதுவும் அது பெருகுவதற்கு முன்னால். பின்பு 23-ஆம் வசனத்தில் அந்த இடத்தைக் குறிப்பிடும்போது, அற்புதம் நடந்த இடம் என்று யோவான் எழுதவில்லை. கர்த்தர் ஸ்தோத்திரஞ்செய்தபின்பு அவர்கள் அப்பம் புசித்த இடம் என்கிறார். யோவான் நற்செய்தியைப் பக்தி மார்க்கத்தின் கண்கொண்டு வாசித்தவரும், 1950-இல் நம் கோயம்புத்தூர்த் திருமண்டலத்தின் முதல் பேராயரானவருமான ஏ.ஜே. அப்பாசாமி ஐயாவின் பெயரை இங்கே நினைத்துக்கொள்வது பொருத்தம்.

ஏலத்தைப்பற்றியும் ஒரு வார்த்தை. ஆராதனை முடிந்து வாழைத்தார், தேங்காய், நாட்டுச் சர்க்கரை, சேவல் என்று ஏலம் போடும்போது ஒரு தேங்காயைச் சந்தை விலையைப்போலப் பல மடங்குக்கு ஏற்றிவிட்டு வேடிக்கை பார்ப்பது எங்கும் நடக்கிறது. அதில் மனம் சுருங்கிப் போகிறவர்களும் உண்டு; தாங்கள் நின்று பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு நடக்கும் அன்பின் விருந்துக்கு இருங்கள். லேவியராகமம் ஏழாம் அதிகாரத்தின்படி பொருத்தனைப் பலியின் (நேர்ந்துகொண்டு செலுத்தும் பலியின்) மாம்சத்தில் மீந்ததை மறுநாளும் புசிக்கலாம். ஸ்தோத்திர பலியின் மாம்சத்தையோ விடியற்காலம்மட்டும் மீதி வைக்காமல் அன்றே புசித்துத் தீர்க்க வேண்டும். ஒரு வீட்டார் மட்டும் உட்கார்ந்து ஒரே நாளில் தின்று முடிக்கக்கூடிய அளவா அது? அக்கம்பக்கத்தாரை அழைத்தே ஆக வேண்டும். வடிகால் எடுக்க வந்தவரையும் அவர் வீட்டாரையும் அன்று விருந்துக்கு அழைத்து வாருங்கள். பந்திக்கு எத்தனை பேர் என்று முந்தின வெள்ளிக்கிழமைக்குள் சமையல் பொறுப்பில் இருப்பவரிடம் சொல்லிவிட்டால் இலை குறையாது.